மறைந்து வந்தும் ஏன் தோற்கிறோம்? ஸ்டெல்த் கில்லர் பில்டில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குக் கீழ் வீட்டுத் தம்பி லேப்டாப்போடு மாடியேறி வந்தான். மேற்கு மாம்பலத்தில் அந்த நேரத்துக்கு ஒருவன் கதவைத் தட்டினால் ஒன்று மோட்டார் போடச் சொல்ல வந்திருப்பான், இல்லை தோற்றுப் போயிருப்பான். இவன் இரண்டாவது ரகம். ஆட்டம் டெட் பை டேலைட். ஒரு கில்லர் நாலு சர்வைவர்களை வேட்டையாடுவான்: முதல் அடியில் காயம், இரண்டாவதில் தரையில், பிறகு ஹூக்கில் மாட்டுவான். அவர்கள் ஏழு ஜெனரேட்டரில் (ஜென்) ஐந்தை முடித்து, கேட்டைத் திறந்து தப்ப வேண்டும்.

"அண்ணா, ரெய்த் எடுத்தேன். நான் வர்றது ஒருத்தனுக்கும் தெரியல. ஆனா அஞ்சு ஜென்னையும் முடிச்சுட்டு கேட்ல நின்னு டான்ஸ் ஆடிட்டுப் போறானுங்க."

பில்டைக் காட்டச் சொன்னேன், அதாவது ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் நாலு 'பெர்க்' (கூடுதல் திறன்). டிங்கரர், டிரெயில் ஆஃப் டார்மென்ட், இன்சிடியஸ், அன்நெர்விங் பிரசன்ஸ். முதல் மூன்றும் ஆளை மறைக்கும் பெர்க். ரெய்த்தோ பிறவியிலேயே மறைகிற ஆள். குடைக்குள் ரெயின்கோட்டும் போட்டுக்கொண்டு நிற்கிற கதை. நாலாவது பெர்க் அதைவிட மோசம். அதற்குப் பிறகு வருகிறேன்.

டெட் பை டேலைட்டில் ஸ்டெல்த் கில்லர் ஆடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். எனவே அறிகுறியை வைத்தே போவோம். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். எண்கள் பேட்ச்சுக்குப் பேட்ச் கொஞ்சம் நகரும். பெர்க்கைப் போடுமுன் ஆட்டத்துக்குள் அதன் விளக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக ஒரு கில்லரைச் சுற்றி 32 மீட்டருக்கு டெரர் ரேடியஸ் இருக்கும். அதற்குள் வந்த சர்வைவருக்கு இதயத் துடிப்பு கேட்கும். பக்கத்தில் வந்தால் கில்லர் பார்க்கும் திசையில் தரையில் சிவப்பு வெளிச்சமும் விழும். 'அன்டிடெக்டபிள்' நிலையில் இந்த இரண்டும் கிடையாது. பெர்க் வைத்து உங்கள் ஆராவை (சுவருக்கு அப்பாலும் ஒளிர்ந்து தெரியும் உருவத்தை) பார்க்கவும் முடியாது. அவ்வளவுதான் அது தருவது. வேகம் தராது, பலகையை உடைக்காது, ஜென்னை நிறுத்தாது. முதல் அடிக்கு ஒரு டிக்கெட், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மீதியை பில்டுதான் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: முதல் அடி சுலபமாக விழுகிறது, இரண்டாவது அடிக்கு ஒரு யுகம் ஆகிறது

பத்துப் பேரில் ஏழு பேருக்கு நோய் இதுதான் என்பது என் அனுமானம். தம்பிக்கும் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

சர்வைவர் ஓடும் வேகம் நொடிக்கு 4 மீட்டர். மறைந்து வரும் கில்லர்களான ரெய்த், கோஸ்ட் ஃபேஸ், பிக் மூவரும் வெளிப்பட்டு நடக்கும் வேகம் 4.6. வித்தியாசம் நொடிக்கு 0.6 மீட்டர்தான். அடி விழுந்தவுடன் சர்வைவருக்கு 1.8 நொடிக்கு ஒன்றரை மடங்கு வேகம் கிடைக்கும். அதே நேரம் நீங்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டு 2.7 நொடி தள்ளாடுவீர்கள். அதற்குள் அவர் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போய்விடுவார். 12 மீட்டரை 0.6 வீதம் எட்டிப்பிடிக்க, வெட்டவெளியில் நேர்கோட்டில் ஓடினாலே 20 நொடி. நடுவில் ஒரு ஜன்னல், இரண்டு பேலட் (சர்வைவர் குறுக்கே தள்ளிவிடும் மரப்பலகை) வந்தால் நாற்பதோ அறுபதோ. மற்ற மூவரும் அதுவரை ஜென்னில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜென்னைத் தனியாள் முடிக்க 90 நொடி. நீங்கள் ஒருவரைத் துரத்திப் பிடித்து ஹூக்கில் மாட்டுவதற்குள் மூன்று ஜென் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

ஸ்டெல்த் இங்கே வேலை முடிந்து ஒதுங்கிக்கொண்டது. இரண்டாவது அடிக்கு நீங்கள் வெறும் கையோடு ஓடும் சாதாரண ஆள்.

தீர்வு கில்லருக்குக் கில்லர் மாறும். ரெய்த் என்றால், அடித்தவுடன் நடந்து துரத்தாதீர்கள். மணியடித்து மறையுங்கள். மறைந்திருக்கும்போது அவன் நடை சர்வைவர் ஓட்டத்தைவிட வேகம். அடிபட்டவரின் பின்னாலேயே போய் அவர் முதுகில் வெளிப்படுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. முந்திப் போங்கள். அவர் நம்பி ஓடுகிற பேலட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்று மணியடியுங்கள். வெளிப்பட்டு முடியும் கணத்தில் ரெய்த்துக்குச் சின்ன வேக உந்தல் ஒன்று உண்டு. அதை அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு இதைச் சொல்லி மூன்று ஆட்டம் ஆட வைத்தேன். முதல் ஆட்டத்தில் முந்திப் போய்ச் சுவரைப் பார்த்து மணியடித்தான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டான்.

கோஸ்ட் ஃபேஸ் என்றால் இரண்டாவது அடியே வேண்டாம் என்று யோசியுங்கள். அவன் ஒருவரைப் பதுங்கிப் பார்த்து முழுவதுமாகக் குறித்துவிட்டால் அந்த ஆள் 'எக்ஸ்போஸ்ட்', ஒரே அடியில் தரையில். சுவரோரமாகச் சாய்ந்து பார்த்தால் குறி இன்னும் வேகமாக நிரம்பும். பழகியவர்கள் தூரத்திலிருந்தே நிரப்பி, முடிவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போது நிறுத்திக்கொள்வார்கள். பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் அந்த மீதியை நிரப்பி உடனே அடி. சோறு வடித்து இறக்கி வைத்துவிட்டு, ஆள் வந்தவுடன் ரசத்தை ஊற்றுவது மாதிரி.

பெர்க்கில் இதற்கு என் முதல் தேர்வு நர்சஸ் காலிங். 28 மீட்டருக்குள் யாராவது காயத்துக்குக் கட்டுப் போட்டால் அவர்கள் ஆரா உங்களுக்குத் தெரியும். சாதாரண கில்லரிடம் இது பாதி வீண், ஏனென்றால் 32 மீட்டரிலேயே இதயத் துடிப்பு கேட்டுக் கட்டை நிறுத்திவிடுவார்கள். உங்கள் டெரர் ரேடியஸ்தான் பூஜ்யமாயிற்றே; நீங்கள் தலைமாட்டில் வந்து நிற்கும்வரை கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் இன்னொருவருக்குக் கட்டுப் போட 16 நொடி பிடிக்கும். எனவே ஒருவரை அடித்துவிட்டு, அவர் நல்ல லூப் (சுற்றிச் சுற்றி ஓடித் தப்ப வசதியான தடுப்பு) இருக்கும் இடத்துக்கு ஓடினால் விட்டுவிடுங்கள். வேறு ஒருவரை அடியுங்கள். முதலாமவர் கட்டுப் போட உட்காரும்போது திரும்பி வாருங்கள். துரத்தாமலே இரண்டாவது அடி.

அறிகுறி: பெர்க் போட்டிருக்கிறேன், வேலையே செய்யவில்லை

தம்பியின் நாலாவது பெர்க் இங்கேதான் வருகிறது. அன்நெர்விங் பிரசன்ஸ் சர்வைவர்களின் ஸ்கில் செக்கை (சரியான நொடியில் பொத்தானை அழுத்த வேண்டிய சோதனையை) கடினமாக்கும். யாருக்கு? உங்கள் டெரர் ரேடியஸுக்குள் இருப்பவர்களுக்கு. நீங்கள் மறைந்திருக்கும்போது அந்த ரேடியஸே இல்லை. அப்புறம் பெர்க் எங்கிருந்து வேலை செய்யும்? "நான் அதை ஒரு மாசமா போட்டிருக்கேன்ணா" என்றான், பாவம்.

கௌல்ரோஃபோபியா, இன்ஃபெக்ஷியஸ் ஃப்ரைட், ஸ்டார்ஸ்ட்ரக், டிஸ்ட்ரெஸிங் எல்லாமே இதே குடும்பம். விளக்கத்தில் 'டெரர் ரேடியஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறைந்தே சுற்றும் கில்லருக்கு அது செத்த பெர்க். வெளிப்பட்டு நிற்கிற நேரத்தில் மட்டும் உயிர் வரும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. டாக்டர் என்ற கில்லரின் பெர்க்கான மானிட்டர் அண்ட் அப்யூஸ், துரத்தாமல் நடக்கும்போது டெரர் ரேடியஸை 8 மீட்டர் குறைக்கும். ரெய்த்துக்கு இது தேவையில்லை. ஆனால் பிறவியில் மறையத் தெரியாத 32 மீட்டர் கில்லர் ஒருவருக்கு இதைப் போட்டால் 24 ஆகும். கூடவே நர்சஸ் காலிங்கின் 28. நடுவில் 4 மீட்டர் இடைவெளி: அவர்களுக்குத் துடிப்பு கேட்காது, உங்களுக்கு அவர்கள் தெரிவார்கள். பழைய ஜோடி, இன்னும் சலிக்கவில்லை.

அறிகுறி: நாலும் ஸ்டெல்த் பெர்க், இருந்தும் ஜென் பறக்கிறது

குடையும் ரெயின்கோட்டும்தான். ரெய்த், கோஸ்ட் ஃபேஸ், பிக் போன்றவர்களுக்கு மறைக்கும் பெர்க் ஒன்றுகூட அவசியமில்லை. அந்த இடங்களை நேரம் வாங்கவும் தகவல் வாங்கவும் செலவழியுங்கள்.

நேரம் வாங்க முதல் பெயர் கரப்ட் இன்டர்வென்ஷன். ஆட்டம் தொடங்கும்போது உங்களிடமிருந்து மிகத் தூரத்தில் உள்ள மூன்று ஜென்களை 120 நொடிவரை பூட்டிவிடும். அதற்குள் ஒருவர் தரையில் விழுந்தால் பூட்டு விலகும். வெறும் தாமதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வரைபடத்தில் மொத்தம் ஏழு ஜென். தூரத்தில் மூன்று பூட்டிவிட்டால் நாலு பேரும் மீதி நாலுக்குத்தான் வந்தாக வேண்டும், அதாவது உங்கள் பக்கம். மறைந்து நிற்பவனுக்கு இரை தானே நடந்து வருவதைவிட என்ன வேண்டும்? ஸ்டெல்த் கில்லருக்கு இதைவிடப் பொருத்தமான பெர்க் இல்லை என்றே சொல்வேன்.

இரண்டாவது, பெயின் ரெசொனன்ஸ். குறிப்பிட்ட சில ஹூக்குகள் வெள்ளையாகத் தெரியும். அவற்றில் ஒருவரை மாட்டினால் அப்போது அதிகம் முடிந்திருக்கும் ஜென் வெடித்துப் பின்னுக்குப் போகும். நாலு டோக்கன், அதாவது நாலு தடவை, ஆளுக்கு ஒன்று வீதம். ஸ்டெல்த் கில்லர் ஆளை மாற்றி மாற்றி அடிப்பதால் நாலும் செலவாகும் வாய்ப்பு அதிகம்.

டிங்கரரை மட்டும் முழுசாகத் திட்ட மனம் வரவில்லை. ஒரு ஜென் 70 சதவீதத்தைத் தொட்டதும் உங்களுக்குச் சொல்லி, 16 நொடி மறைத்தும் வைக்கும். ஜென்னுக்கு ஒரு தடவைதான். மீதி 30 சதவீதத்தைத் தனியாள் முடிக்க 27 நொடி. இருவர் சேர்ந்து செய்தால் கூட்டு வேகம் 1.7 மடங்குதான், எனவே சுமார் 16 நொடி. அதாவது அறிவிப்பு வந்தபோது நீங்கள் மூலையில் இருந்தால் இருவர் உட்கார்ந்த ஜென்னைக் கைகழுவ வேண்டியதுதான். வேகமாக வரைபடத்தைக் கடக்கத் தெரிந்த, ஆனால் மறையத் தெரியாத கில்லருக்கு இது தங்கம். ரெய்த்துக்கு வெறும் அலாரம்.

அறிகுறி: சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தால் ஜென்னில் ஆளே இல்லை

இது பில்ட் கோளாறு இல்லை, நடைக் கோளாறு. சின்ன வயதில் தெருவில் ஐஸ்பாய் ஆடியவர்களுக்கு இது தெரியும்: ஒளிந்திருப்பவன் கண்ணில் படாமல் வரவேண்டுமென்றால் அவன் எந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பான் என்று முதலில் யோசிக்க வேண்டும்.

நீங்கள் பார்ப்பது கில்லரின் கண் வழியாக. சர்வைவருக்கு கேமரா முதுகுக்குப் பின்னால். ஜென்னைத் தொட்டுக்கொண்டே, தலையைத் திருப்பாமலே, கேமராவை மட்டும் சுழற்றிப் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார். நேர்வழியில் போனால் 30 மீட்டரில் கண்டுபிடித்து எழுந்துவிடுவார். ரெய்த் மறைந்திருந்தாலும் கிட்டே வர வர காற்றில் நீர் அலைபோல் ஒரு பளபளப்பு தெரியும். பழகிய கண்ணுக்கு அது போதும். ஜென்னின் எந்தப் பக்கம் சுவரோ பாறையோ ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமாக வாருங்கள். அரை நிமிடம் சுற்றினாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்பது பொய்; அரை நிமிடம் என்றால் ஜென்னில் மூன்றில் ஒரு பங்கு. பத்து நொடிச் சுற்று என்றால் போங்கள்.

சுவரோரமாகவே வந்தும் ஆள் நழுவினால், அவரிடம் ஸ்பைன் சில் இருக்கலாம். தடையில்லாத பார்வைக்கோட்டில் 36 மீட்டருக்குள் கில்லர் அவர் இருக்கும் திசையைப் பார்த்தால் அந்த பெர்க் ஒளிரும். அன்டிடெக்டபிள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. மருந்து எளிது: பார்க்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நடந்து வாருங்கள். வேகம் குறையாது, பெர்க்கும் ஒளிராது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், உங்களுக்கு அடி கிடைக்கும்.

அறிகுறி: ஹூக்கில் மாட்டியபின் எங்கே போவது என்று தெரியவில்லை

தகவல் பெர்க் ஒன்றுகூட இல்லாத பில்டில் இது நிச்சயம் வரும். மறைந்து போகிறவனுக்கு எங்கே போவது என்பதுதான் முதல் கேள்வி. வெறும் இடத்துக்குப் பதுங்கிப் போய் என்ன புண்ணியம்?

ஒன்றே ஒன்று போடலாம் என்றால் டிஸ்கார்டன்ஸ். 128 மீட்டருக்குள் எந்த ஜென்னில் இருவரோ அதற்கு மேலோ வேலை செய்தாலும் அது மஞ்சளாக மின்னும். இருவர் உட்கார்ந்த ஜென் உங்களுக்கு இரட்டை லாபம்: ஒருவரை அடித்தாலும் இன்னொருவர் பத்து மீட்டருக்குள்தான் ஓடிக்கொண்டிருப்பார். தனித்தனியாக ஜென் செய்யும் அணி வந்தால் இது தூங்கும். அப்போது சர்வேலன்ஸ் உதவும். நீங்கள் உதைத்துவிட்டு வந்த ஜென் வெள்ளையாகத் தெரியும், யாராவது மீண்டும் தொட்டால் மஞ்சளாக மாறும். பார்பெக்யூ அண்ட் சில்லி ஹூக் போட்டவுடன் 40 மீட்டருக்கு அப்பால் இருப்பவர்களைக் காட்டும். தெரிந்தவர்கள் லாக்கருக்குள் புகுந்து ஏமாற்றுவார்கள், ஆனாலும் நல்ல பெர்க்.

ஹூக் பக்கத்திலேயே இன்சிடியஸ் போட்டுச் சிலை மாதிரி நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கில்லர் ஹூக்குக்கு மிக அருகிலேயே நின்றால் மாட்டப்பட்டவருக்கு ஒரு அளவுமானி நிரம்பும். நிரம்பியதும் அவரே இறங்கிக்கொள்வார்.

அறிகுறி: எதிரணி நாலு பேரும் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள்

அலுவலக நண்பர்கள் மூவரோடு நானும் சர்வைவராக ஆடுவதுண்டு. ஒருவன் சோழிங்கநல்லூர், ஒருவன் ஆவடி, ஒருவன் குரோம்பேட்டை. ஆட்டத்தைவிட இரைச்சல்தான் அதிகம். "டேய், குடிசைப் பக்கம் போறான், மறைஞ்சுட்டான், உன் கிட்டதான் வர்றான், எழுந்திரு எழுந்திரு!" அந்தக் குரல் ஒன்று போதும், உலகத்தின் எல்லா ஸ்டெல்த் பெர்க்கும் செல்லாக்காசு.

அதனால் எதிரில் நண்பர் கூட்டம் என்று தெரிந்தால், பதுங்கல் முதல் இரண்டு நிமிடத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் உங்களைப் பார்த்துவிட்டால் அவன் பார்த்த திசைக்கே போவதுபோல் போக்குக் காட்டி, மறைந்து, வேறு ஜென்னுக்குப் போங்கள். அவன் சொன்ன தகவலே பொய்யாகிவிடும். இரண்டு தடவை அப்படி ஆனால் அவன் சொல்வதை மற்றவர்கள் நம்புவதை நிறுத்துவார்கள். எங்கள் குழுவில் குரோம்பேட்டைக்காரனின் பேச்சு எடுபடாமல் போனது இப்படித்தான்.

குழப்பம் விளைவிக்க ஹெக்ஸ்: பிளேதிங் நல்லது. ஒருவர் முதல் தடவை ஹூக்கில் ஏறும்போது ஒரு டோட்டம் (வரைபடத்தில் கிடக்கும் மந்திரச் சின்னம்) எரியும்; அதை அவர் அழிக்கும்வரை அவருக்கு உங்கள் துடிப்பு கேட்காது. அதனால் கில்லரே மறையத் தேவையில்லை. பிறவி ஸ்டெல்த் கில்லருக்கு இது வீண், மற்றவர்களுக்குப் பரிசு.

அறிகுறி: சில வரைபடங்களில் மட்டும் எடுபடவில்லை

அது உங்கள் குற்றமில்லை. லெரிஸ், கிடியன் மீட் பிளான்ட் போன்ற மூடிய கட்டடங்களில் மூலைக்கு மூலை மறைவு. ஆர்மண்ட் போன்ற பனிவெளியில் நடந்து வருவது பாதி மைதானத்துக்குத் தெரியும். திறந்த வரைபடம் வந்தால் பதுங்கிப் போவதைக் குறைத்து, ஒரு ஓரத்தில் நெருக்கமாக உள்ள மூன்று ஜென்களைக் காவல் காக்கத் தொடங்குங்கள்.

அறிகுறி: அடி விழுந்த மாதிரி தெரிந்தது, ஆனால் ஆள் ஓடிவிட்டார்

பில்டைத் தொடாதீர்கள், பிங்கை (சர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதத்தை) பாருங்கள். பேலட் விழுந்த அதே கணத்தில் அடித்தால் யார் முந்தினார் என்று முடிவு செய்வது சர்வர்தான், உங்கள் திரை இல்லை. சென்னையிலிருந்து மும்பை சர்வர் கிடைத்தால் கவலையில்லை. சிங்கப்பூருக்குப் போனாலும் பெரிய மோசமில்லை. இங்கிருந்து அங்கே 2002லேயே ஐ-டு-ஐ கடலடிக் கேபிள் போட்டாயிற்று. நடுக்கம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. தம்பியின் ரவுட்டர் ஹாலில் சாமிப் படத்துக்குப் பின்னால், இவன் பின்னறையில், நடுவில் பீரோ. ஒரு லேன் ஒயர் வாங்கி இழுத்ததும் தீர்ந்தது.

கூடவே காதையும் பாருங்கள். காயம்பட்டவரின் முனகல், புல் சரசரப்பு எல்லாம் கேட்டால்தான் மறைந்த இடத்திலிருந்து ஆளைப் பிடிக்க முடியும். தலைக்கு மேல் ஃபேன் அஞ்சில் ஓட, லேப்டாப் ஸ்பீக்கரில் ஆடினால் ஒன்றும் கேட்காது. மே மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது. காதை மூடுகிற ஹெட்போன் வாங்குங்கள்.

அறிகுறி: கேட் வரை நன்றாகப் போகிறது, அங்கே எல்லோரும் தப்புகிறார்கள்

கேட்டின் லீவரை இழுக்க 20 நொடி. கேட் இரண்டு. அஞ்சு ஜென்னும் முடிந்ததும் இரண்டுக்கும் நடுவில் உலாத்தாதீர்கள். ஒரு கேட்டுக்குப் போங்கள், ஆள் இல்லையென்றால் மறைந்தபடியே மற்றதற்கு. லீவரைப் பிடித்து நிற்பவருக்குத் துடிப்பு கேட்காததால் கடைசி நொடிவரை கையை எடுக்கமாட்டார். நோ வே அவுட் போட்டிருந்தால் லீவரை முதலில் ஒருவர் தொட்டதுமே உங்களுக்குத் தெரியும், சுவிட்சும் சற்று நேரம் பூட்டிக்கொள்ளும். நீங்கள் எத்தனை வெவ்வேறு ஆட்களை ஹூக்கில் மாட்டியிருக்கிறீர்களோ அவ்வளவு நீளம்.

தம்பி கடைசியில் எடுத்துக்கொண்டு இறங்கியது இது: கரப்ட் இன்டர்வென்ஷன், நர்சஸ் காலிங், டிஸ்கார்டன்ஸ், பெயின் ரெசொனன்ஸ். மறைக்கிற பெர்க் ஒன்றுகூட இல்லை. மணி இரண்டுக்குக் கீழே அவன் அறையிலிருந்து "மாட்டுச்சுடா!" என்று ஒரு சத்தம். அடுத்து அவன் அம்மாவின் சத்தம். அப்புறம் லைட் அணைந்தது.